அக்கா பையனுக்கு ஒன்பதாம் மாத ஊசி போட மாட்டேன் என்கிறாள், எப்படிச் சொல்வது?

முகாம்தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். ஊத்தங்கரை பக்கம் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறோம். அப்பா அம்மா 1990இல் மன்னாரில் இருந்து வந்தவர்கள், நானும் அக்காவும் இங்கேயே பிறந்தவர்கள். அக்கா பையனுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது, ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய ஊசியை இன்னும் போடவில்லை. இத்தனைக்கும் பிறந்த அன்று போட்டது, ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போட்டது எல்லாவற்றையும் தேதி தவறாமல் போட்டவள்.

காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று சொல்கிறாள். மூன்றரை மாத ஊசி போட்ட ராத்திரி பையனுக்குக் கொதிக்கிற காய்ச்சல், விடிய விடிய அழுகை, தொடையில் ஊசி போட்ட இடம் கல் மாதிரி. அத்தான் பெயிண்ட் வேலைக்கு பெங்களூர் போயிருந்தார், வீட்டில் அவளும் அம்மாவும்தான். காலையில் சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த முறை நர்ஸ் வந்தபோது இதைச் சொன்னால், "ஊசி போட்டா காய்ச்சல் வரத்தான் செய்யும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் பக்கத்து லைனுக்குப் போய்விட்டார்.

அப்புறம்தான் கனடா சித்தியிடமிருந்து ஒரு வாய்ஸ் வந்தது. "இந்த அஞ்சு நோய் ஊசியை இலங்கையிலேயே பிள்ளையள் செத்து நிப்பாட்டினவங்கள், அம்மை ஊசி போட்டா பிள்ளை கதைக்காது, ஆட்டிசம் வரும், ஒரு டொக்டரே சொல்லியிருக்கிறார்" என்று. அந்த வாய்ஸ் இப்போது முகாமில் பாதிப் பேர் போனில் இருக்கிறது.

இது போதாதென்று நர்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று பிள்ளையின் விவரம் எல்லாம் கேட்டார். வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) ஆள் எண்ணும் தணிக்கைக்கு நின்று, போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சுக்குப் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். "என் பேர்தான் எல்லா நோட்டுலயும் இருக்கு, இவன் பேருமா" என்கிறாள். முகாமுக்கு மட்டும் வேறு மருந்து அனுப்பிச் சோதனை பண்ணுகிறார்கள் என்றும் பேச்சு இருக்கிறது.

இலங்கையில் நிறுத்தினார்கள் என்பது உண்மையா? பத்து மாதம் தாண்டியபிறகு போட்டால் பலன் உண்டா? அவளிடம் எப்படிப் பேசுவது? நான் வாயைத் திறந்தாலே சண்டையில்தான் முடிகிறது.

கிருஷ்ணகிரிக்காரன்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி. வெளியே ஒரு ஊசி ஆயிரக்கணக்கில், இங்கே இலவசமாகப் போடுகிறார்கள், அதையும் வேண்டாம் என்றால் என்ன செய்வது. முகாமுக்கு அரசு தரும் மாதப் பணக்கொடையை ஒரு தடவை நிறுத்திப் பார்க்கட்டும், அடுத்த புதன்கிழமை முதல் ஆளாக வரிசையில் நிற்பார்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், பிள்ளை நலனுக்குத்தான்.

அரூர் நர்சம்மா:

நான் தர்மபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ரிட்டையர் ஆனவள். சித்தேரி மலைக்கு ஊசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிய காலம் உண்டு. முதலில் மேலே பணக்கொடையை நிறுத்தச் சொன்னவருக்கு: அப்படி ஒரு பேச்சு முகாமில் கிளம்பினால் இதுவரை போட்டவர்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒளிவார்கள். சோறும் ஊசியும் ஒன்றாகக் கட்டப்பட்டால் ஊசியில் ஏதோ இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். இந்த ஊசி யாருக்கும் கட்டாயமில்லை, ஊர்க்காரருக்கும் இல்லை, முகாம்காரருக்கும் இல்லை.

தம்பி, உங்கள் அக்காவுக்கு மூன்று பயம், மூன்றும் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டு கிடக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் பேச முடியும், மொத்தமாக "பயப்படாதே" என்றால் நடக்காது.

முதலில் அந்த ராத்திரிக் காய்ச்சல். அவர் சொல்வது கற்பனை இல்லை. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடும் ஐந்து நோய் ஊசியில், அதாவது பென்டாவேலன்டில், கக்குவான் இருமலுக்கான மருந்து முழுச் செல் வகை, கொன்ற கிருமியை முழுசாக வைத்துச் செய்தது. அதற்குக் காய்ச்சல், வீக்கம், கட்டி, சில பிள்ளைகளுக்கு மணிக்கணக்காக அழுகை, எல்லாம் வரும், ஓரிரு நாளில் அடங்கும். அதை முன்கூட்டியே உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அதுதான் தப்பு. இப்போது அக்காவுக்குச் சொல்லுங்கள்: ஒன்பது மாதத்தில் அந்த ஊசி கிடையவே கிடையாது. அப்போது போடுவது தட்டம்மை ரூபெல்லா ஊசி, நிமோனியாவுக்கான பி.சி.வி. பூஸ்டர், போலியோ ஊசியின் மூன்றாம் தவணை, கூடவே வைட்டமின் ஏ சொட்டு. கக்குவான் மருந்து மறுபடி வருவது ஒன்றேகால் வயதுக்கு மேல் போடும் முத்தடுப்பு பூஸ்டரில்தான். அந்த ராத்திரியை நினைத்து அவர் தள்ளிப்போடுவது அந்த ராத்திரிக்குச் சம்பந்தமே இல்லாத ஊசிகளை.

அதற்காக இதில் ஒன்றுமே வராது என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தட்டம்மை ஊசிக்குக் காய்ச்சல் அன்று ராத்திரி வராமல் ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரலாம், லேசாகச் செம்புள்ளி போடலாம், தானாகப் போய்விடும். இதைச் சொல்லாமல் விட்டால் பத்தாம் நாள் காய்ச்சல் அடித்ததும் "பார்த்தியா" என்பார், அதோடு சரி, அடுத்த ஊசிக்கு உங்கள் முகத்தையே பார்க்க மாட்டார்.

காய்ச்சல் மருந்து பற்றி ஒன்று. பாராசிட்டமால் பிள்ளையின் எடைக்குத்தான் அளவு. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே திடம் இல்லை, சிரப்பிலேயே இரண்டு திடம் உண்டு. பக்கத்து வீட்டு பாட்டிலை வாங்கி "போன தடவை அஞ்சு மில்லி குடுத்தோம்" என்று ஊற்றுவதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். ஊசி போடும் இடத்திலேயே எடை பார்த்து, எத்தனை மில்லி என்று அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். வலிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம், இந்த மூன்றில் எது வந்தாலும் 108. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

பத்து மாதம் ஆனதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தட்டம்மை ரூபெல்லா ஊசியை ஐந்து வயது வரைகூடப் போடுவார்கள், முதலில் இருந்து எதையும் திரும்பத் தொடங்க வேண்டியதில்லை. ஆனால் தள்ளிப்போடப் போட அந்த இடைவெளியில் பிள்ளை வெறும் கையோடு நிற்கிறது. தட்டம்மை வந்த ஒருவர் இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரைக்கும் கிருமி காற்றில் இருக்கும், தடுப்பு இல்லாத ஊரில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டு பேருக்குத் தொற்றும். பொதுச் சுவர் வைத்த லைன் வீட்டில் அது எப்படிப் பரவும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வேப்பிலை:

அம்மை என்பது தாய் இறங்குவது, எங்கள் பாட்டி காலத்தில் மணல்வாரி வந்தால் வேப்பிலைப் படுக்கை, இளநீர், மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடிந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வந்து போனது, எல்லாரும் திடமாகத்தான் இருக்கிறோம். இயற்கையாக வரும் எதிர்ப்புச் சக்தியை விட்டுவிட்டு எதற்கு இந்த ஓட்டம்.

அரூர் நர்சம்மா:

திடமாக இருப்பவர்கள்தான் இன்று வந்து எழுத முடியும். வேப்பிலையும் இளநீரும் பிள்ளைக்கு இதம், அதை நான் தடுத்ததே இல்லை, மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுங்கள். ஆனால் தட்டம்மைக்குப் பிறகு நிமோனியா, வயிற்றுப்போக்கு, கண் பார்வை போவது, மூளைக் காய்ச்சல், இவற்றை நிறுத்த வேப்பிலையால் ஆகாது. தட்டம்மை வந்துபோன உடம்பு, அதுவரை மற்ற நோய்களுக்குச் சேர்த்து வைத்த எதிர்ப்பையும் கொஞ்சம் அழித்துவிட்டுப் போகிறது, அதையும் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். இயற்கையாக வரும் சக்திக்கு இதுதான் விலை.

ஒசூர் டு மினசோட்டா:

சொந்த ஊர் ஒசூர், அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸில் இருக்கிறேன். கனடா சித்தியின் வாய்ஸைப் படித்ததும் இங்கே நடந்ததைச் சொல்லத் தோன்றியது, ஏனென்றால் அச்சு அசல் இதே கதை, இதே மாதிரி அகதிக் குடும்பங்களில்.

இங்கே சோமாலியாவில் இருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் அதிகம். 2004இல் அவர்கள் பிள்ளைகளில் 92 சதவீதம் பேருக்கு எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமானது) போட்டிருந்தது, அதாவது உள்ளூர்க்காரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. அப்புறம் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆட்டிசம் என்று பெற்றோர்கள் கேட்கத் தொடங்கினார்கள். நியாயமான கேள்வி. சுகாதாரத் துறை ஆராய்கிறோம் என்று இழுத்த இடைவெளியில் தடுப்பூசி எதிர்ப்புக் கும்பல் உள்ளே புகுந்து கூட்டம் போட்டது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு நேரிலேயே வந்து பேசினார். உங்கள் சித்தி சொல்லும் "ஒரு டொக்டர்" அவராகத்தான் இருக்கும். 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெறும் 12 பிள்ளைகளை வைத்து, இந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதியவர். அந்தக் கட்டுரையை இதழே 2010இல் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு பிரிட்டனில் அவர் மருத்துவர் பதிவையும் பறித்தார்கள். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வருடக்கணக்காகக் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை.

2014க்குள் இங்கே அந்த 92 சதவீதம் 42 ஆகிவிட்டது. 2017இல் தட்டம்மை வந்தது, 75 பேருக்கு, பெரும்பாலும் சோமாலிப் பிள்ளைகள். கூட்டம் போட்டவர்கள் யாரும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஆளைத் திருப்பியது இமாம்களும் சோமாலித் தாய்மார்களும் அவர்கள் மொழி தெரிந்த நர்ஸ்களும்தான், அதுவும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து. கோட்டு போட்ட அதிகாரி சொல்லி யாரும் மாறவில்லை.

இன்னொன்று. உங்கள் சித்தி இருப்பது டொரன்டோ பக்கமா? அப்படியானால் அவர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தபோது ஊசிச் சான்று கேட்டிருப்பார்கள், டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் தட்டம்மை ஊசி உட்படப் பதிவு காட்ட வேண்டும், இல்லையென்றால் விலக்குப் படிவம் கொடுக்க வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டீர்களா சித்தி என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்களேன். கனடாவே 2025 நவம்பரில் தட்டம்மையை ஒழித்த நாடு என்ற தகுதியை இழந்துவிட்டது, அந்த வருடம் அதிகம் பாதித்த இடங்களில் ஒன்டாரியோ ஒன்று. இதையும் சேர்த்து அனுப்புங்கள்.

பேரப்பிள்ளைகள் ஏழு:

தம்பி, நான் தர்மபுரிப் பக்கம் அணைக்கட்டு முகாமில் இருக்கிறன், 2006இல் வந்தனாங்கள். கொஞ்சக் காலம் சுகாதாரத் தொண்டராக வேலை செய்தனான். மகள்தான் டைப் பண்ணித் தருகிறாள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

இலங்கையில் நிப்பாட்டினது பொய் இல்லை, பாதி உண்மை, அதுதான் கரைச்சல். 2008 தொடக்கத்தில் அந்த ஐந்து நோய் ஊசியைக் கொண்டு வந்தவை, சில குழந்தைகள் இறந்ததும் நாலு மாதத்திலேயே நிப்பாட்டி வைச்சவை. பிறகு வெளியில் இருந்து நிபுணர்கள் வந்து ஒவ்வொரு பிள்ளையின்ர மரணத்தையும் தனித்தனியாகப் பார்த்தவை, ஊசியால்தான் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கேல்லை, 2010இல் திரும்பத் தொடங்கி இன்றைக்கும் அங்கே அதுதான் போடுகினம். தமிழ்நாட்டிலயும் கேரளாவிலயும் 2011 டிசம்பரில்தான் அது வந்தது, இலங்கையில் திரும்பத் தொடங்கினதுக்குப் பிறகு. அந்தச் சித்தி முன்பாதியை மட்டும் காவிக்கொண்டு போயிட்டா. அதோட, நிப்பாட்டினது ஒரு ஊசி, ஆட்டிசம் எண்டு கதை கட்டினது வேறொரு ஊசி, இரண்டையும் சேர்த்துக் குழைச்சு ஒரு வாய்ஸில் போட்டிருக்கிறா.

இலங்கைச் சனம் ஊசிக்குப் பயந்த சனம் இல்லை. தொண்ணூறுகளில் போலியோ சொட்டு மருந்து குடுக்கிற நாளில் ரெண்டு பக்கமும் சண்டையை நிப்பாட்டி வைச்சவை. நான் என்ர மூத்தவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட மரத்துக்குக் கீழ வரிசையில் நின்றனான், பொம்பர் சத்தம் இல்லாத பகல் அது, சனம் சும்மா நின்று கதைச்சுக்கொண்டு இருந்ததுகள். 1993க்குப் பிறகு அங்கே போலியோவே இல்லை. 2019இல் தட்டம்மையையும், எங்கட ஆக்கள் சின்னமுத்து என்பினம், ஒழிச்ச நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிப்போட்டுது. உங்கட அம்மாவைக் கேட்டுப் பாருங்கோ, ஊரில் மிட்வைஃப் சைக்கிளில் வீட்டுக்கு வந்த காலம் அவவுக்கு நினைவிருக்கும். அக்காவோட நீங்கள் கதைக்கிறதை விட அம்மா கதைச்சால் நல்லம். ஆம்பிளைப் பிள்ளை, கலியாணம் ஆகாதவன், உனக்கென்ன தெரியும் என்றுதான் அவ நினைப்பா, உண்மைதானே.

முகாமுக்கு வேறு மருந்து என்ற கதைக்கு நான் செய்தது இதுதான். முகாமுக்குள்ள நர்ஸ் வருகிற நாளை விட்டுப்போட்டு, புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போனனான். தட்டம்மை மருந்து ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கானது. அதே குப்பியில் இருந்து ஊர்க் கவுண்டர் வீட்டுப் பிள்ளைக்கும் எடுக்கிறா, எங்கட பிள்ளைக்கும் எடுக்கிறா, ஊசி மட்டும் ஆளுக்குப் புதுசு, ஒருக்கா அமத்தினால் திரும்ப இழுக்க ஏலாது. குப்பியில் எத்தனை மணிக்குக் கரைச்சது என்று பேனையால் எழுதியிருப்பா, நாலு மணித்தியாலம் தாண்டினால் கொட்டிப்போடுவா. ஒரு தாய் அந்த நேரத்தைத் தானே வாசிச்சுப் பார்த்துச் சரி என்று பிள்ளையை மடியில் வைச்சவ.

பேர் பதியிற பயம் மட்டும் நான் தீர்த்து வைக்க ஏலாதது. நாப்பது வருசமாகத் தணிக்கையில் நிற்கிற சனத்துக்கு எந்த நோட்டும் ஒரு நோட்டுத்தான். ஆனால் தடுப்பூசிப் பதிவு சுகாதாரத் துறையின்ர, அடுத்த ஊசி எப்ப என்று கூப்பிடத்தான். அட்டையில் இருக்கிற விவரம் பிறந்த அன்றைக்கே ஏறியாச்சு, ஊசி போடாமல் விடுகிறதால் அது அழியப்போறதும் இல்லை.

கிருஷ்ணகிரிக்காரன்:

பணக்கொடை பற்றி நான் சொன்னது வேண்டாம், விடுங்கள். ஆனால் நர்சம்மாவுக்கு ஒரு கேள்வி, 2017இல் பள்ளியில் ரூபெல்லா ஊசி போட்டபோது எங்கள் ஊரிலேயே எத்தனை பேர் பிள்ளைகளை லீவு போட வைத்தார்கள் தெரியுமா? அது முகாம்காரர் பிரச்சினை மட்டும் இல்லை போல.

அரூர் நர்சம்மா:

தெரியாமலா. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாருக்கும் என்று அந்த பிப்ரவரியில் தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வந்தது, பிள்ளை பிறக்காமல் போகும் என்பது வரை. படித்த வாத்தியார்களே "எங்க வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம் மேடம்" என்று கடிதம் கொடுத்தார்கள். முகாம்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு, ஊர்க்காரருக்குச் சந்தேகம் வந்தால் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுப்பார், கத்துவார், அவர்களால் அது முடியாது, அதனால் பேசாமல் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நர்ஸ் வெளியே நின்று "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார்.

முகாம்தம்பி:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சித்தியிடம் கேட்டேன். முதலில் பதிலே இல்லை, அப்புறம் "அது பள்ளிக்கூடத்துக்குக் கட்டாயம், அதான் போட்டனாங்கள், இப்ப ரெண்டும் யூனிவர்சிட்டி போகுதுகள்" என்று ஒரு வாய்ஸ். அதை அக்காவிடம் போட்டுக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, திரும்ப ஒருமுறை போடச் சொல்லிக் கேட்டாள். பென்டா இதில் இல்லை என்ற விஷயம்தான் அவளை அசைத்த மாதிரி தெரிகிறது, "அப்ப ஏன் அந்த நர்ஸ் இதைச் சொல்லேல்ல" என்று என்னிடம் கோபப்பட்டாள். அம்மாவும் பேசினார். முகாமுக்கு வரும் ஊசிக்கு வேண்டாம், புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம், குப்பியைப் பார்ப்பேன், அம்மா கூட வர வேண்டும், ஒரே நாளில் மூன்று ஊசி போட விட மாட்டேன் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள்.

இரண்டு சந்தேகம். ஊசிகளைப் பிரித்துப் போடலாமா? பையனுக்கு நேற்றிலிருந்து மூக்கு ஒழுகுகிறது, சளி இருக்கும்போது போடலாமா?

அரூர் நர்சம்மா:

மூன்றையும் ஒரே நாளில் போடுவதால் கெடுதல் இல்லை, ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில், கை, கை, தொடை என்று போடுவார்கள். ஒரே தடவை அழுதுவிட்டுப் போகும், ஒரு நாள் கூலிதான் போகும். அப்படியும் அவர் மனம் ஒப்பவில்லை என்றால் அன்றைக்குத் தட்டம்மை ஊசியை விட்டுவிடாதீர்கள், மீதிக்கு எப்போது வர வேண்டும் என்று அங்கேயே தேதி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக அவரோடு சண்டை வேண்டாம்.

மூக்கு ஒழுகல், லேசான சளி எல்லாம் தடை இல்லை. நல்ல காய்ச்சல் இருந்தால் டாக்டர் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்வார். மூன்றரை மாதத்தில் நடந்ததை நீங்கள் சொல்லாதீர்கள், அக்காவே டாக்டரிடம் சொல்லட்டும், எவ்வளவு நேரம் அழுதான், வலிப்பு வந்ததா என்று கேட்பார், பூஸ்டர் போடும்போது அது தேவைப்படும். காலையில் சீக்கிரம் போங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம். பையனுக்குப் பால் கொடுத்துக் கூட்டிப் போங்கள், கை சுலபமாக வெளியே வரும் சட்டை போடுங்கள், அட்டையை மறக்க வேண்டாம்.

முகாம்தம்பி:

சரி நர்சம்மா. அட்டை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, எடுத்து வைத்துவிட்டேன். பக்கத்து லைனில் இன்னும் இரண்டு பேர் நாங்களும் வருகிறோம் என்கிறார்கள், ஒரு பிள்ளைக்கு ஒன்றரை வயது, ஒன்பதாம் மாத ஊசியே போடவில்லை. அவர்களையும் கூட்டிப் போகலாமா, அல்லது முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு வர வேண்டுமா?

அரூர் நர்சம்மா:

நேராகக் கூட்டி வாருங்கள். முதல் தவணையை அன்றே போடுவார்கள், இரண்டாவது ஒரு மாதமாவது இடைவெளி விட்டு. அட்டை தொலைந்திருந்தால் பிறந்த தேதியும் ஆஸ்பத்திரி பெயரும் போதும், பதிவேட்டில் தேடுவார்கள்.